மறைக்காட்டு மண்ணின் மைந்தர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை

ஆடி அமாவாசை நாளிலே கீரிமலைக் கடற்கரைக்குச் சென்று, தீர்த்தமாடித் தந்தையரை நினைந்து எள்ளும் நீரும் இறைத்து வருவது நம் பெரியோர் வழிவழி பேணி வந்த கடனாகும். அன்றைய தினம் அக்கரையிலே நின்று வடதிசை நோக்கும் நமக்கு அலைகளையும் வானையும் அன்றி வேறொன்றும் புலப்படுவதில்லை. ஆயினும், அந்த அலைகளுக்கு அப்பால், ஏறக்குறைய 65 கிலோமீற்றர் தூரத்திலே, அதே நாளிலே, அதே கடலிலே, அதே கடனைக் கழித்து நிற்கின்ற மக்கள் கூட்டம் ஒன்று உண்டு. அது வேதாரணியம் என்னும் திருமறைக்காட்டின் கடற்றுறையிலே கூடும் கூட்டமாகும். ஒரே கடலின் தென்கரையில் நாம், வடகரையில் அவர்கள். அத்திருப்பதியிலே பிறந்து, அம்மண்ணுக்காகவே வாழ்ந்து, அங்கேயே தம் பணியை முடித்துச் சென்ற பெரியார் ஒருவரின் வரலாற்றை நமது சங்கத்தின் இவ்வாண்டு மலரிலே எழுத விழைந்தோம். அவரே சர்தார் வேதரத்தினம் பிள்ளை ஆவர்.

மிஷன் பாடசாலையிலே கல்வி பயின்ற நாம், கிரேக்க வீரர் கதைகளையும் ஆங்கில அரசர் பரம்பரையையும் மனனஞ் செய்தோம். வேதபாட வகுப்பிலே உப்பைப் பற்றிய உவமையையுங் கேட்டோம். ஆனால், நமது கரைக்கு எதிர்க்கரையிலே ஒரு பிடி உப்பை முன்னிட்டுத் தமது தொழிலையும் செல்வத்தையும் துறந்த ஒரு சைவ அன்பரைப் பற்றி எவரும் நமக்குக் கூறினாரில்லை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அறியாமற் போனதை அறிந்துகொள்ளுதல் வாலிபர்களாகிய நமது கடமை என்பதற்காகவே சொல்லுகின்றோம்.

ஊரும் கோயிலும்

ஒருவரின் வாழ்வை அறிய வேண்டுமாயின் முதலில் அவர் ஊரை அறிதல் வேண்டும். வேதாரணியம் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்திலே, சோழநாட்டுக் கடற்கரையின் தென்கோடியிலே உள்ளது. அதற்குத் தெற்கே கோடிக்கரை முனை. அங்கே கரை மேற்கு நோக்கித் திரும்பிவிடுகின்றது. கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்களுக்குக் கோடிக்கரையையும் அங்கிருந்து இலங்கைக்குப் படகு செலுத்திய பூங்குழலியையும் அறிமுகஞ் செய்தல் வேண்டுவதில்லை.

வேதங்கள் வந்து வழிபட்டமையால் மறைக்காடு எனப் பெயர் பெற்றது இத்தலம். வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்டுச் சென்ற பெருங்கதவம் பன்னெடுங்காலம் திறவாதே கிடந்ததென்றும், அடியார்கள் வேறொரு வாயில் வழியே சென்று வழிபட்டு வந்தனரென்றும், அப்பரும் சம்பந்தரும் ஒருங்கே எழுந்தருளிய காலத்தில் அப்பர் பதிகம் பாடக் கதவு திறந்ததென்றும், சம்பந்தர் பாட அது மீண்டும் அடைத்ததென்றும் பெரியபுராணம் படித்த நாம் அறிவோம். மூடிய கதவம் திறந்த இந்த வரலாற்றை வாசகர்கள் மனத்திலே வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

இறைவர் திருநாமம் மறைக்காட்டுநாதர். அம்மையின் திருநாமம் யாழைப்பழித்த மொழியாள். அம்மையின் குரலினிமைக்கு முன்னே தன் வீணை நாணுமெனக் கருதிக் கலைமகள் இங்கே வீணையின்றிச் சுவடி ஏந்தி வீற்றிருக்கின்றாள். ஏழு விடங்கத் தலங்களுள் இதுவும் ஒன்று. அணையப்போன திருவிளக்கைத் தன் மூக்காலே தூண்டிய எலி, மறுபிறப்பிலே மகாபலிச் சக்கரவர்த்தியான கதை நிகழ்ந்ததும் இங்கேதான். திருவாரூர் தேரழகு, வேதாரணியம் விளக்கழகு என்னும் பழமொழியை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர் பலர். திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவரைப் பெற்றெடுத்த பதியும் இதுவே.

இக்கோயிலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள உறவு தீர்த்த உறவு மாத்திரமன்று. நமது குடாநாட்டு வரணியைச் சேர்ந்தோர் வழிவந்த ஆதீனத்தார் அக்கோயிலை நெடுங்காலம் பரிபாலித்து வந்தனர். பாய்க்கப்பல்கள் ஓடிய நாட்களிலே நம்மவர் அங்கே சென்று வழிபடுவதும், அங்குள்ளார் இங்கே வருவதும் அயலூர்ப் பயணம்போல் இருந்தன. கடல் நம்மைப் பிரிப்பதாக அந்நாளிலே எவரும் எண்ணியதில்லை.

ஊர்மக்களின் வாழ்வோ கோயிலையும் கடலையும் உப்பையும் சார்ந்தது. அதிகாலையிலே கடற்றொழிலாளர் மீனுடன் கரைசேர்வர். தோட்டக்காரர் மணற்பாங்கான நிலத்திலே புகையிலையும் முல்லையும் பயிரிடுவர். தென்னையும் மாவும் சவுக்கும் ஊரைச் சூழ்ந்து நிற்கும். அகத்தியம்பள்ளிப் பக்கத்திலே உப்பளங்கள் பரந்து கிடக்கும். கடல்நீரைப் பாத்திகளிலே பாய்ச்சி, வெயிலிலே வற்றச் செய்து, படிந்த உப்பை வாரிக் குவிப்பர். மாரி தொடங்கினால் உப்பு விளைவு நின்றுவிடும். சதுப்பு நிலங்களிலோ மனிதர் கை படாமலே உப்புத் தானாக விளைந்து வெள்ளை வெளேரென்று கிடக்கும். தமிழ்நாட்டிலே உப்பு விளைவில் தூத்துக்குடிக்கு அடுத்து இவ்வூரையே சொல்லுவர்.

பிறப்பும் மரபும்

இத்தகைய ஊரிலே, 1897ஆம் ஆண்டு மாசி மாதம், அதாவது பெப்ரவரி 25ஆந் திகதி, அப்பாக்குட்டிப் பிள்ளையின் மைந்தராய் வேதரத்தினம் பிள்ளை அவதரித்தார். அவர் குடும்பம் தாயுமான சுவாமிகளின் மரபைச் சேர்ந்தது. தாயுமானவரின் தந்தையார் கேடிலியப்ப பிள்ளை வேதாரணியத்துக் கோயிற் பணியை மேற்பார்த்திருந்தவர் என்பதும், பின்னரே திருச்சிராப்பள்ளி அரண்மனைச் சேவைக்குச் சென்றார் என்பதும் வரலாறு. உலக வாழ்வைத் துறந்த ஞானியின் குலத்திலே, உலகத்தின் நடுவே நின்று துறவு செய்த ஒருவர் தோன்றியது வியப்பன்று.

குடும்பத்துக்கு உப்புத் தொழில் இருந்தது. செல்வமும் செல்வாக்கும் இருந்தன. சுகமாக வாழவேண்டுமென்று எண்ணியிருந்தால், வேதரத்தினம் பிள்ளைக்கு அதற்கு எவ்விதத் தடையும் இருக்கவில்லை. உப்பு வணிகம் செய்பவர் அரசாங்கத்தை அனுசரித்தே வாழவேண்டியவர். அதிகாரிகளின் அனுமதி இன்றேல் உப்பளமும் இல்லை, வருமானமும் இல்லை. இவ்வளவும் அறிந்திருந்தும் அவர் காந்தியடிகளின் வழியைத் தேர்ந்து, காங்கிரஸ் மகாசபையிற் சேர்ந்து உழைத்தார்.

1929ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டு அரசியல் மாநாடு இந்தச் சிறு கோயிலூரிலே நடைபெற்றது. பார்தோலி விவசாயிகளின் வரிமறுப்பை நடத்தி வெற்றிபெற்றிருந்த வல்லபாய் படேல் அதற்குத் தலைமை வகித்தார். பெரு நகரங்களிலே நடைபெற வேண்டிய மாநாட்டைக் கடற்கரையூர் ஒன்று தாங்கியதற்குப் பின்னாலே பிள்ளையவர்களின் உழைப்பு இருந்தது. அடுத்த ஆண்டு அவ்வூருக்கு வரவிருந்த பெருஞ்சோதனைக்கு இது ஒத்திகை போலாயிற்று.

உப்பும் வரியும்

இந்தியாவிலே உப்பு அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்தது. 1882ஆம் ஆண்டின் உப்புச் சட்டப்படி, கடற்கரையிலே தானாக விளைந்த உப்பைக்கூட அனுமதியின்றி எடுத்தல் குற்றம். 1924 முதல் மணங்கு ஒன்றுக்கு 1 ரூபா 4 அணா வரி இருந்தது. செல்வருக்கும் ஏழைக்கும் உப்பு ஒன்றே. ஆனால், கூழுக்கு உப்பன்றி வேறு கறியில்லாத ஏழைக்கே அவ்வரி பாரமாயிற்று. இதனைக் கண்டே காந்தியடிகள் 1930ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் திகதி சபர்மதியிலிருந்து நடந்து, ஏப்பிரல் 6ஆந் திகதி தண்டிக் கடற்கரையிலே உப்பெடுத்தார்.

தமிழ்நாட்டிலே அவ்வறப்போரை நடத்தும் பொறுப்பு இராஜாஜியைச் சேர்ந்தது. எவ்வூரிலே உப்பெடுப்பது என்ற வினா எழுந்தபோது வேதாரணியம் தெரிந்தெடுக்கப்பட்டது. அங்கே உப்புத் தானாக விளைவது ஒரு காரணம். வேதரத்தினம் பிள்ளை அங்கே இருந்தது மற்றொரு காரணம்.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் தகும். தண்டிக்கு நடந்தவர்களும், வேதாரணியத்துக்கு நடந்தவர்களும் உப்பை விலைகொடுத்து வாங்கி உண்டவர்கள். உப்புச் சட்டத்தை மீறினால் அவர்களுக்குச் சிறை உண்டு. ஆனால் அவர்கள் தொழில் உப்பன்று. பிள்ளையவர்களோ உப்பினாலே வாழ்ந்தவர். அச்சட்டத்தை எதிர்ப்பது தாம் அமர்ந்திருந்த கிளையைத் தாமே வெட்டுவதாகும். சத்தியாக்கிரகிகளை ஊருக்குள் வரவேற்ற மறுநாளே தமது உப்பளத்துக்கு என்ன நேருமென்பதை அவர் அறியாதவரல்லர். அறிந்தே வரவேற்றார்.

நடைப் பயணம்

1930ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆந் திகதி, திருச்சிராப்பள்ளியிலே டாக்டர் தி. சே. சௌ. இராஜனின் இல்லத்திலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்கள் இராஜாஜியின் தலைமையிலே புறப்பட்டனர். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து பதினொரு ஆண்டு நிறைந்த நாள் அது. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை அந்த நடைக்கென்றே இயற்றிய பாடலைப் பாடிக்கொண்டு, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறக்குறைய 150 மைல் நடந்தனர்.

தஞ்சை மாவட்டக் கலெக்டராக இருந்த தோர்ன் துரை, சத்தியாக்கிரகிகளுக்கு உணவோ உறைவிடமோ கொடுப்பவர்கள் ஆறு மாதம்வரை சிறை செல்ல நேரிடும் என்று ஊரூராக விளம்பரஞ் செய்தார். விருந்தோம்பலே இல்வாழ்வின் பயன் என்று வள்ளுவரைக் கற்ற நாட்டிலே, சோறிடுவது குற்றமென்று சட்டம் வந்தது! மக்கள் என்ன செய்தனர்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களிலே கட்டித் தொங்கவிட்டுச் சென்றனர். யார் இட்டனர் என்று எவரைக் கேட்பது? மரத்தைச் சிறை வைக்க முடியுமா? கும்பகோணத்திலே பந்துலு ஐயர் வெளிப்படையாகவே உபசரித்துத் தண்டனையும் பெற்றார். மக்களுக்கு அரசாங்கத்தின்மீது இருந்த பற்று அற்றுப் போயிற்று என்று பின்னர் அக்கலெக்டரே மேலிடத்துக்கு எழுதும் நிலைமை உண்டாயிற்று.

ஏப்பிரல் 28ஆந் திகதி தொண்டர்கள் வேதாரணியத்தை அடைந்தனர். வழியிலுள்ள ஊர்கள் ஒரு பொழுது இரு பொழுது உபசரித்தன. வேதாரணியமோ நாட்கணக்காக அவர்களைத் தாங்கவேண்டியிருந்தது. தங்குவதற்கு இடமும் உண்பதற்கு உணவும் குடிப்பதற்கு நீரும் ஒழுங்குசெய்யும் பாரம் பிள்ளையவர்கள் தோளிலே விழுந்தது. ஏப்பிரல் 30ஆந் திகதி இராஜாஜியும் தொண்டர்களும் அகத்தியம்பள்ளிக்குச் சென்று உப்பை அள்ளினர். இராஜாஜி அங்கேயே கைதானார். அதனுடன் போராட்டம் முடியவில்லை. நாள்தோறும் புதிய தொண்டர்கள் உப்பெடுக்கச் சென்றனர். பொலிசார் தடியாலடித்தனர், உப்பைப் பிடித்திருந்த கைவிரல்களை விரித்துப் பறித்தனர். ருக்மணி லக்ஷ்மிபதி என்னும் அம்மையார் இங்கே கைதாகிச் சிறை சென்றார். காமராஜரும் இப்போராட்டத்திலே ஈடுபட்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பக்தவத்சலம் காயமுற்றார். பிற்காலத்திலே சென்னை இராச்சியத்தின் முதலமைச்சர்களாய் விளங்கிய மூவர், இந்தச் சிறிய கோயிலூரின் உப்பு மண்ணை மிதித்தவர்களாவர்.

பிள்ளையவர்கள் பட்ட பாடு

வேதரத்தினம் பிள்ளை கைதுசெய்யப்பட்டுச் சிறை சென்றார். அவருடைய உப்பளச் சொத்துக்கள் பறிமுதல் செய்யப்பட்டன. தலைமுறையாக வந்த செல்வம் சில நாட்களிலே கைமாறியது. மற்றத் தலைவர்கள் சிறையிலிருந்து மீண்டு தத்தம் ஊர்களுக்குச் சென்றனர். பிள்ளையவர்கள் மீண்டு வந்தது, தம்முடையதாய் இருந்து தம்முடையதல்லாததாகிவிட்ட உப்பளங்களின் நடுவிலே. கோயிலுக்குச் செல்லும்போதும், கடலாடச் செல்லும்போதும், தாம் இழந்ததைக் கண்முன்னே கண்டுகொண்டே வாழவேண்டியிருந்தது. இதுவே அவர் தியாகத்தின் அருமையென்று நாம் கருதுகின்றோம். ஒரு நாளிலே ஒன்றைத் துறத்தல் பலருக்கு இயலும். துறந்ததை நாள்தோறும் பார்த்திருந்தும் மனங்கலங்காதிருத்தல் சிலருக்கே இயலும்.

1931ஆம் ஆண்டு திருநெல்வேலியிலே கூடிய அரசியல் மாநாட்டிலே அவருக்குச் சர்தார் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. தம்மூர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய படேலுக்கு வழங்கிய அதே பட்டம், இரண்டாண்டுகளுள் தமக்கும் வழங்கப்பெற்றது. பட்டத்தினால் அவர் நடையுடையிலே மாற்றம் ஏற்படவில்லை. கதருடுத்து, ஊரவரோடு ஊரவராய், வேதாரணியத்திலேயே வாழ்ந்தார்.

வைரப்பன் என்னும் தொழிலாளி

பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் காலத்து எளியவர் ஒருவரை மறந்துவிடுதல் நன்றிகேடாகும். உப்புச் சத்தியாக்கிரக காலத்திலே வேதாரணியத்து மக்கள் பொலிசாருக்கு ஒத்துழைக்க மறுத்தனர். அவ்வூர்ச் சவரத் தொழிலாளி வைரப்பன், தம்மிடம் சவரஞ்செய்ய அமர்ந்தவர் பொலிஸ்காரர் என்று அறிந்ததும், பாதியிலே கத்தியைக் கீழே வைத்துவிட்டார் என்று கூறுவர். நீதிபதியின் முன் நிறுத்தப்பட்டபோதும் மிகுதிப் பாதியைச் செய்ய அவர் இணங்கவில்லை. சிறையையே ஏற்றுக்கொண்டார். இன்று அவ்வூரிலே அவருக்கு நினைவுத்தூண் உண்டு.

உப்பளத்துக்கு உடைமையாளர் ஒருவர். ஒரு கத்தியும் சாணைக்கல்லுமே உடைமையாகக் கொண்டவர் மற்றொருவர். இருவரும் தத்தம் தொழிலையே பலியாக வைத்தனர். அளவிலே வேறுபாடு உண்டு. தன்மையிலே வேறுபாடு இல்லை. ஊர் வரலாற்றிலே இருவர் பெயரும் பக்கம் பக்கமாக நிற்பது அவ்வூருக்குப் பெருமை.

கன்னியா குருகுலம்

சுதந்திரம் கிட்டும் நாள் அணித்தாக வந்தபோது, இழந்ததை மீளப்பெறும் வழிகளை அநேகர் தேடினர். பிள்ளையவர்களோ கொடுப்பதற்கு இன்னும் என்ன உண்டென்று தேடினார். காந்தியடிகளின் வாழ்க்கைத் துணைவியாராகிய கஸ்தூரிபாய் 1944ஆம் ஆண்டு சிறையிலே காலமானார். அவர் பெயரால் 1946ஆம் ஆண்டு வேதாரணியத்திலே கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலம் என்னும் நிலையத்தைப் பிள்ளையவர்கள் தாபித்தார். ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கும், கிராமத்து ஏழைச் சிறுமிகளுக்கும் உணவும் உறைவிடமும் கல்வியும் தொழிற்பயிற்சியும் கொடுப்பதே அதன் நோக்கம்.

அக்காலத்து நிலைமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடற்கரைக் கிராமங்களிலே ஆண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதே அரிது. பெண்பிள்ளை படித்து என்ன செய்யப்போகிறாள் என்று கேட்பவர்களே மிகுதி. இராட்டை நூற்கவும், எழுதவும், கணக்குப் பார்க்கவும், பிறருக்குக் கற்பிக்கவும் பயின்ற பெண்கள் அங்கிருந்து வெளிவந்தனர். நாளடைவிலே குருகுலம் பாடசாலைகளும் ஆசிரியர் பயிற்சி நிலையமும் கொண்டதாய் வளர்ந்தது. நமது சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திலே பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய பணியை அறிந்த நமக்கு, இதன் அருமையை விரித்துரைத்தல் வேண்டுவதில்லை.

சென்னைச் சட்டசபையிலும் அவர் அங்கத்தவராய் இருந்து பணியாற்றினார். ஆயினும், சட்டசபை உறுப்பினராக அவரை நினைப்போர் குறைவு. குருகுலத்துப் பிள்ளைகளின் தந்தையாக நினைப்போரே அதிகம். 1961ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆந் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். 1998ஆம் ஆண்டிலே இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் முத்திரையை வெளியிட்டது.

யாழ்ப்பாணத்திலே கேட்ட எதிரொலி

அக்கரையில் எழுந்த குரல் இக்கரையில் ஒலியாமற் போகவில்லை. 1924ஆம் ஆண்டு தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்றுக் காந்தியடிகள் 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே நமது குடாநாட்டுக்கு வந்தார். நமது வட்டுக்கோட்டையிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரியிலும் பேசினார். அக்கல்லூரியின் ஆசிரியராயிருந்த ஹண்டி பேரின்பநாயகம் அவ்வியக்கத்தின் உயிர்நாடியாய் விளங்கினார். 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் செமினரி தாபித்த ஊரிலே, மிஷன் கல்வி கற்ற வாலிபர்கள் கதருடுத்தினர், தாய்மொழியைப் போற்றினர், சமபந்தி போசனத்தை ஆதரித்தனர். பூரண சுயராச்சியம் வேண்டி 1931ஆம் ஆண்டின் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தனர். அப்பகிஷ்காரம் நன்மை செய்ததோ தீமை செய்ததோ என்பதைப் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயின், நம் வயதொத்த வாலிபர்கள் ஒரு கொள்கைக்காக எழுந்து நின்றனர் என்பதிலே வேறுபாடில்லை.

நாம் செய்ய வேண்டுவது யாது?

பிள்ளையவர்களின் வரலாற்றைப் படித்து முடிக்கும்போது, மறைக்காட்டுக் கதவமே மீண்டும் நம் நினைவுக்கு வருகின்றது. சோறிட்டால் சிறையென்று அரசாங்கம் அஞ்சுவித்த நாளிலே அவர் தம் ஊர்க் கதவைத் திறந்தார். ஏழைப் பெண்பிள்ளைக்குப் பள்ளிக் கதவைத் திறந்தார். பாட்டினாலே திறந்த கதவத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர், செயலினாலே திறக்கக் கற்றுக்கொண்டார்.

நம் நாட்டிலே எத்தனை கதவுகள் மூடிக் கிடந்தன என்பதை நாம் மறைத்தல் தகாது. 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்துக் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உள்ளே சென்று வழிபட விரும்பிய சைவ மக்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். கிணற்றிலே நீரள்ளவும், தேநீர்க் கடையிலே சமமாக அமரவும் போராட வேண்டியிருந்தது. வைரப்பனுக்கு வேதாரணியத்திலே தூண் உண்டு. நம் ஊர்களிலே அத்தொழில் செய்தோரை நாம் எவ்வாறு நடத்தினோம் என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரைக் கேட்டு அறிந்துகொள்ளலாம். கேட்பதற்கு வெட்கப்பட்டால், அவ்வெட்கமே விடையாகும். திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் இடுவதும், குருபூசை நாளிலே பேச்சுப்போட்டி நடத்துவதும் நல்லனவே. ஆனால், ஓர் இந்து வாலிபர் சங்கத்தின் பணி அவ்வளவோடு முடிந்துவிடுமாயின், நாம் விளக்கைச் சுற்றி வருபவர்களேயன்றித் திரியைத் தூண்டியவர்களாக மாட்டோம். அறியாது தூண்டிய எலிக்கே அரசு கிடைத்தது. அறிந்தும் தூண்டாத நமக்கு என்ன கிடைக்கும்?

கடலைப் பற்றியும் ஒரு சொல். நெடுநாட் போர் அக்கரைப் பயணத்தை நிறுத்திவிட்டது. 2023ஆம் ஆண்டு அக்டோபரிலே நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. மறுபுறத்தே, அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் நமது கடற்றொழிலாளரின் வலைகளை அறுத்துச் செல்வதும், கைதுகள் நிகழ்வதும் துயரமானவை. அடிமட்ட இழுவைமடி முறையை 2017ஆம் ஆண்டிலே நமது நாட்டுச் சட்டம் தடைசெய்தது. வழக்கு தீர்ந்தபாடில்லை. இருகரையிலும் பசித்திருப்பவன் தமிழனே, ஏழையே. ஏழையின் உப்புக்காகத் தம் உப்பளத்தை இழந்தவரின் ஊர் அக்கரையிலே இருக்கின்றது. வலையிழந்தவரின் ஊர் இக்கரையிலே இருக்கின்றது. தமது ஆதாயத்தைச் சற்றே விட்டுக்கொடுக்கும் மனம் இருகரையிலும் உண்டானால், தீராத வழக்கும் தீருமென்று நம்புகின்றோம்.

2018ஆம் ஆண்டு நவம்பரிலே வீசிய கஜா புயல் வேதாரணியத்துத் தென்னைகளையும் மாமரங்களையும் உப்பளங்களையும் சிதைத்தது. ஊரவர் மீண்டும் நட்டனர். பாத்திகளை மீண்டும் திருத்தினர். ஆண்டுதோறும் ஏப்பிரல் 30ஆந் திகதி அகத்தியம்பள்ளி நினைவுத்தூபி அருகே கூடி, ஒரு பிடி உப்பெடுத்து அந்நாளை நினைவுகூர்கின்றனர். 2025ஆம் ஆண்டிலே நம் நாட்டில் உப்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மலிவாய்க் கிடக்கும் பொருளின் அருமை இல்லாதபோதே தெரியும் என்பதை நம் தாய்மார் அடுக்களையிலே உணர்ந்தனர். பெரியோரின் தியாகமும் அத்தகையதே. இருக்கும்போது அதனை நாம் சுவைப்பதில்லை, குறையும்போதே நினைக்கின்றோம்.

வருகின்ற ஆடி அமாவாசை நாளிலே கீரிமலையிலே நீராடி எழும் நமது சங்கத்து அன்பர்கள், தம் தந்தையரை நினைந்தபின், ஒரு கணம் வடதிசை நோக்கி நிற்பார்களாக. இரு கரைக்கும் பொதுவான இக்கடலின் உப்பிலே அப்பெரியாரின் வியர்வையும் கலந்திருக்கின்றது. அவரைக் கைகூப்பி வணங்கி வீடு திரும்பும்போது, நம் ஊரிலே இன்னும் மூடிக் கிடக்கும் ஒரு கதவையேனும் திறப்போமென்று உறுதி கொள்வோமாயின், அதுவே அவருக்கு நாம் இறைக்கும் எள்ளும் நீரும் ஆகும்.

வாழ்க வேதரத்தினம் பிள்ளை நாமம்! வளர்க அவர் காட்டிய நெறி!